லெஃப்ட்டில் அடிக்காத ரஞ்சிதா

கொல்லிமலைக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் அருவி என்பார்கள், கோயில் என்பார்கள், தேன் வாங்க என்பார்கள். சாஃப்ட்பால் பார்க்க என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் மாத்திரை அட்டை வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராசிபுரத்தில் எங்களுக்கு ஒரு மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். "மலை மேல ஏறிப் பந்து பொறுக்கப் போறயாக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து என்னுடைய இந்த ஒரு வியாதிக்கு அவர் கடையில் மருந்து கிடைக்கவில்லை.

படிக்கிற காலத்தில் நான் எங்கள் கல்லூரி அணியின் கேட்சர். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற வேலை. அப்போது கோணிப்போன மோதிர விரல் இன்னும் கோணலாகவே இருக்கிறது, மோதிரம் நுழையாது. அணியை விட்டு வந்தாலும் அணி என்னை விடவில்லை. அந்தப் பெண்கள் சேலத்தில் ஆடினாலும் கரூரில் ஆடினாலும் ஒரு பையில் வலி ஸ்ப்ரேயும் பேண்டேஜும் போட்டுக்கொண்டு நான் போய் நின்றுவிடுவேன். யார் இந்த அம்மா என்று எதிரணிக்காரர்கள் கேட்பார்கள். எங்க அக்கா என்று இவர்கள் சொல்வார்கள். எனக்கு அது போதும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எதிரே நிற்கிறவள் கையைக் கீழாகச் சுழற்றிப் பந்தை வீசுவாள், அது தரையில் குத்தாமல் வரும். அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். வலக்கைக்காரர் ஓங்கி அடித்தால் பந்து இயல்பாக இடது பக்கம் போகும், அதை லெஃப்ட் என்போம். எல்லைக்கு அப்பால் போய் விழுந்தால் ஹோம் ரன். ஓர் அணியில் மூன்று பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி அடிக்கும், இரண்டும் அடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ், மொத்தம் ஏழு. ஆண்கள் இதையே கொஞ்சம் சின்னப் பந்தில், கொஞ்சம் பெரிய மைதானத்தில், நிறைய அலட்டலோடு ஆடினால் அது பேஸ்பால்.

எங்கள் அணியில் ரஞ்சிதா என்று ஒரு பெண். மலைக்காரப் பெண், வளப்பூர் நாடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. கடைசி வருஷம் படிக்கிறாள். இந்த வருஷம் நான் பார்த்த ஐந்து ஆட்டங்களில் ஏழு ஹோம் ரன் அடித்தாள், ஏழும் லெஃப்ட்டில். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். தேங்காய் ஒரே போடில் இரண்டாகப் பிளக்கிற சத்தம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற மேடம் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறார் என்றும், ரஞ்சிதாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்றும், இதில் பெயர் வராவிட்டால் மட்டையைச் சாத்திவிட்டுக் காட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றும் கோச் சார் போனில் சொன்னார். அப்புறம் நான் கடையில் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

கீழே ஆட வேண்டிய மைதானத்தில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்களாம். அதனால் பையன்களுடைய பேஸ்பால் மலை மேல் பஸ் போய் நிற்கிற செம்மேட்டிலும் சாஃப்ட்பால் வளப்பூர் நாட்டு மைதானம் ஒன்றிலும் என்று முடிவாகியிருந்தது. மலையில் இப்படி ஓர் ஆட்டம் நடப்பது அதுதான் முதல் தடவை.

விடிகிற நேரத்துப் பஸ்ஸில் ஏறினேன். தை மாதக் குளிர். பக்கத்தில் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மலையில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். ஐந்து வருஷமாக மேலே இருக்கிறாளாம். இன்னமும் வளைவுக்கு ஒரு தடவை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள். வளப்பூர் நாட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். பஸ் உண்டு, ஆனால் நம்ப வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வளைவுகளின் எண் எழுதிய பலகைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போயின. பாதி மலையில் கீழே பார்த்தேன். ராசிபுரம், என் கடை, என் வீட்டுக்காரர் எல்லாம் பாலுக்குள் போட்ட மாதிரி காணாமல் போயிருந்தார்கள். மனசு லேசாகிவிட்டது.

செம்மேட்டில் சாமைப் பொங்கல் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பொங்கலில் மிளகைத் தேட வேண்டும். இங்கே மிளகுக்குள் பொங்கலைத் தேட வேண்டும். மூக்கும் கண்ணும் ஒழுக இரண்டு தட்டு சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

பேஸ்பால் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது, ஆனால் ஆட்டம் தெரியவில்லை. முன்னால் இருந்த நான்கு பேரைத் தவிர மற்றவர்களைப் பனி மூடியிருந்தது. மட்டையில் பந்து படுகிற சத்தம் கேட்கும். பந்து வெள்ளைக்குள் போகும். நாங்கள் எல்லோரும் காத்திருப்போம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து யாரோ பந்தை எறிவார்கள், அது எங்கிருந்தோ பிறந்து வருகிற மாதிரி வந்து விழும். பிடித்தானா விட்டானா என்று நடுவருக்கே தெரியாது. "புடிச்சியாப்பா?" என்று அவர் கத்திக் கேட்டார். "புடிச்சேன் சார்" என்று பனி பதில் சொன்னது. நம்பி அவுட் கொடுத்தார். எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன், இத்தனை நாணயமான ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

மைதானத்தின் ஓரத்தில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். ஒரு பந்து அதில் விழ, மிளகு பச்சையும் கறுப்புமாகத் தெறித்தது. ஆட்டம் நின்றது. மட்டை பிடித்தவன், வீசியவன், நடுவர் எல்லோருமாகக் குந்தி உட்கார்ந்து மிளகு பொறுக்கினார்கள். நானும் பொறுக்கினேன். மிளகுக்காரம்மா எல்லோரையும் ஒரு மேஸ்திரி மாதிரி நின்று மேற்பார்வை பார்த்தாள். அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல் சுகமாக இருந்தது. மூன்று இன்னிங்ஸ் ஆனதும்தான் சாஃப்ட்பால் ஞாபகம் வந்தது.

பஸ் வரவில்லை. கிளார்க் பெண் சொன்னது சத்தியம். ஒரு சரக்கு ஆட்டோவில் கொய்யாக் கூடைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. டிரைவர் வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி மூன்று வீட்டுச் செய்தியை மூன்று வீட்டுக்குச் சொன்னார். அவசரம் என்று சொல்லிப் பார்த்தேன். "பந்து எங்கீங்க போயிரும்?" என்றார். கொய்யா ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்தார். கடித்துக்கொண்டு வந்தேன். இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், நடுவில் ரோடு, மேலே வெயில் மாதிரியும் இல்லாத பனி மாதிரியும் இல்லாத ஏதோ ஒன்று. அவசரம் என்னை விட்டுப் போய்விட்டது.

இறங்கும்போது இரண்டாவது இன்னிங்ஸ். மைதானத்தைச் சுற்றி ஊரே இருந்தது. ஒருவரும் கத்தவில்லை. சினிமா பார்ப்பது போல அமைதியாகப் பார்த்தார்கள். லெஃப்ட் பக்கம் மைதானம் சரிந்து இறங்கியது. சுவரோ வேலியோ இல்லை. சரிவின் முடிவில் மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக, அதற்கு அப்பால் அடர்ந்த மரங்கள், பனியில் பாதி தெரிந்தும் தெரியாமலும். எதிரணிப் பெண் ஒருத்தி அடித்த பந்து அந்த மரங்களுக்குள் போய் மறைந்தது. அவள் கையை உயர்த்திக்கொண்டு சுற்றி ஓடினாள். கூட்டத்தில் சிலர் மரங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பந்தை எடுக்க யாரும் போகவில்லை, புதுப் பந்து எடுத்தார்கள். பந்துக்குப் பஞ்சமில்லாத அணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரஞ்சிதா மட்டையோடு வந்தாள். நான் எழுந்து நின்றேன். முதல் பந்து அவளுக்கென்றே வந்தது, உடம்புக்கு நெருக்கமாக, இடுப்புயரத்தில். கண்ணை மூடிக்கொண்டு லெஃப்ட்டில் சாத்த வேண்டிய பந்து. அவள் பின்னால் நகர்ந்து அதை வலது பக்கம் தட்டிவிட்டாள். நொண்டிக்கொண்டு உருண்டது. அவள் முதல் மூலைக்கு ஓடிச் சேர்வதற்குள் பந்து அங்கே போய்விட்டது. அவுட்.

நான்காவது இன்னிங்ஸிலும் அதே கதை. மறுபடி வலது பக்கம், மறுபடி அவுட். கோச் சார் கோட்டோரத்தில் நின்று, "லெஃப்ட்டுல காலியாக் கெடக்குது, பந்து போனாப் போவுது, அடி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தொப்பி போட்ட செலக்டர் மேடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள் அவித்த குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தின்றுகொண்டிருந்தார். அவரிடம் கொட்டித் தீர்த்தேன். இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது, ஊர்க்காரர்கள் முன்னால் கை நடுங்குகிறதா, வாசல் தேடி வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைக்கிறாள், என்னை விட்டால் மட்டையைப் பிடுங்கி நானே அடிப்பேன் என்று ஒரு மூச்சு பேசினேன்.

அவர் கிழங்கை விழுங்கிவிட்டு, "அது நம்ம புள்ளைதானுங்க" என்றார்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவர் கோபப்படவில்லை. இலையில் இருந்த கிழங்கில் ஒரு துண்டை என் பக்கம் நகர்த்தினார். காரச் சட்னியோடு அதைத் தின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

பேர் தங்கராசு. மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டிருக்கிறார். மகள் ஆடி இன்றைக்குத்தான் பார்க்கிறார், ஆட்டமும் புரியவில்லை. ஆனால் அவள் ஏன் அந்தப் பக்கம் அடிக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அந்த மரங்கள் அவர்கள் சாமியின் சோலை. கல் வரிசைக்கு அந்தப் பக்கம் விழுந்ததெல்லாம் சாமிக்குச் சொந்தம். காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் எடுப்பதில்லை. கீழே இருந்து வந்தவர்கள் இதெல்லாம் தெரியாமல் சுண்ணாம்புக் கோடு போட்டு லெஃப்ட் பக்கத்தைச் சோலையைப் பார்க்க வைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வந்து சொல்வதற்குள் கோடு காய்ந்துவிட்டது. பந்து விழுந்தால் விழுந்ததுதான், திரும்பக் கேட்கக் கூடாது என்று பேசி முடித்திருக்கிறார்கள். கோச் சாரும் அதனால்தான் ஒரு பை நிறையப் பந்து கொண்டுவந்திருக்கிறார்.

"அப்ப ரஞ்சிதா அடிச்சாலும் பந்துதானுங்களே போகும்?" என்று கேட்டேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து அவள் வந்தபோது கட்டை விரல் வீங்கியிருந்தது. நெருக்கமாக வருகிற பந்தை மட்டையின் கழுத்தில் வாங்கினால் இப்படித்தான் ஆகும். ஸ்ப்ரே அடித்து டேப் சுற்றினேன். வாயை மூடிக்கொண்டு சுற்றியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை. சோலை விஷயம் தெரியும், ஆனால் எதிரணிப் பெண் அடித்தபோது சாமி ஒன்றும் செய்யவில்லையே என்றேன்.

"அவிய தெரியாம அடிச்சாங்க அக்கா. நான் அடிச்சா தெரிஞ்சு அடிச்சதுங்க" என்றாள்.

தெரிந்து செய்தால் அடுத்த பண்டிகையில் அவர்கள் குடும்பம் சோலைக்குள் நிற்க முடியாதாம். அப்பா வருஷா வருஷம் அங்கே பொங்கல் வைக்கிறவர். தரையோடு உருட்டி அடித்தாலும் சரிவு பந்தை உள்ளே கொண்டுபோய்விடும். இதை எல்லாம் அவள் அழாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். நான் மேடமிடம் போய்ச் சொல்கிறேன், அவர் பெண்தானே, புரிந்துகொள்வார் என்றேன்.

"வேண்டாங்க அக்கா. சொன்னா இனிமே இங்க மேட்ச் வெக்க மாட்டாங்க. சாமி மேல பழி வந்துருமுங்க. எனக்கு அடிக்கத் தெரியலைன்னே இருக்கட்டுங்க."

சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். பொழுதுக்கும் ஓட்டை வாயாக இருக்கிற என்னிடம்.

ஏழாவது இன்னிங்ஸ், கடைசி. எதிரணி நான்கு, நாங்கள் மூன்று. இரண்டு பேர் அவுட். இரண்டாவது மூலையிலும் மூன்றாவது மூலையிலும் எங்கள் பெண்கள் ஓடக் காத்து நிற்கிறார்கள். மட்டையோடு ரஞ்சிதா. இவள் அவுட் ஆனால் ஆட்டம் போயிற்று, அவளுடைய வாய்ப்பும் போயிற்று.

எதிரணிக்காரிகள் முட்டாள்கள் இல்லை. இவள் லெஃப்ட்டில் அடிப்பதில்லை என்று கண்டுகொண்டுவிட்டார்கள். பாதிப் பேர் வலது பக்கம் வந்து நின்றார்கள். லெஃப்ட்டில் ஒரே ஒருத்தி. பந்து வீசுகிறவள் மேலும் மேலும் உடம்போடு ஒட்டி வீசினாள், அப்படி வந்தால் வலது பக்கம் அடிப்பது குதிரைக் கொம்பு. பனி விலகிவிட்டது. சோலை முழுவதும் தெரிந்தது, ஒரு மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. எனக்கு வெட்கக்கேடான ஒரு ஆசை வந்தது. சாமி, ஒரே ஒரு பந்து, நீ கண்ணை மூடிக்கொள் என்று வேண்டினேன்.

முதல் பந்து நெருக்கமாக வந்தது. தட்டினாள், வலது கோட்டுக்கு வெளியே போனது. கோட்டுக்கு வெளியே போனால் அவுட் இல்லை, ரன்னும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும் அதே இடத்துக்கு வந்தன, ஐந்தையும் அதே பக்கம் வெளியே தள்ளினாள். ஒவ்வொன்றுக்கும் அவள் கட்டை விரலை உதறியபோது என் கோணல் விரல் வலித்தது. கோச் சார் கத்துவதை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆறாவது பந்து. அவள் ஒரு அரை அடி பின்னால் போனாள், முழங்கையை விலாவோடு ஒட்டினாள், கடைசி நொடி வரை பந்தை உள்ளே வர விட்டு மட்டையைக் குறுக்கே இழுத்தாள். தேங்காய்ச் சத்தமெல்லாம் இல்லை. ஒரு தட்டு, அவ்வளவுதான். பந்து முதல் மூலையில் நின்றவள் தலைக்கு மேலே எழும்பி, வலது கோட்டுக்கு உள்ளே விழுந்து, அத்தனை பேருக்கும் நடுவில் புல்லில் ஓடியது. இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஐந்துக்கு நான்கு. அப்போதுதான் அந்த ஊர் முதல் தடவையாகக் கத்தியது. தங்கராசு என்னிடம், செயிச்சாச்சுங்களா என்று கேட்டார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

செலக்டர் மேடம் அணியைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். நானும் கூச்சமில்லாமல் பின்னால் போய் நின்றுகொண்டேன். ரஞ்சிதாவிடம், நெருக்கமாக வந்த பந்துகளை ஏன் லெஃப்ட்டில் அடிக்கவில்லை என்று கேட்டார். "வரலீங்க மேடம்" என்றாள் அவள். மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். எனக்கு வாய் துடித்தது. கொடுத்த சத்தியத்தை நினைத்துக்கொண்டு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தேன்.

மேடம் நோட்டை மூடினார். "லெஃப்ட்டுல அடிக்கிறவ காலேஜுக்கு ஒருத்தி இருக்கா. உள்ள வர்ற பந்தை ஆறு தடவையும் ரைட்டுக்குக் கொண்டுபோறவள நான் இப்பத்தான் பாக்கறேன். லெஃப்ட்டுல நெசமாவே வராதவளுக்கு இது வராது" என்றார். யார் பழக்கியது என்று கேட்டார். நாங்கள்தான் மேடம், தினமும் இதுதான் பிராக்டீஸ் என்று கோச் சார் கூசாமல் சொன்னார். மேடம் பட்டியலைப் படித்தார். மூன்றாவது பெயர் ரஞ்சிதா.

தங்கராசு செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் வரிசை வரைக்கும் போய், தரையில் விழுந்து கும்பிட்டு வந்தார். வந்து மகள் கையிலிருந்த மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என்னைச் செம்மேட்டில் இறக்கிவிடுவதாக அணி வேனில் ஏற்றிக்கொண்டார்கள். பெண்கள் பாட்டுப் பாடி ஓய்ந்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். மறுபடி பனி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மரமும் இல்லை, ரோடும் இல்லை, நாங்கள் ஏதோ மிதந்துகொண்டு போவது போல இருந்தது. ரஞ்சிதா மட்டும் என் பக்கத்தில் விழித்துக்கொண்டிருந்தாள். வீங்கிய விரலை மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, அடுத்த மேட்ச் போபால்லன்னு மேடம் சொன்னாங்க. நீங்க அங்க ஆடியிருக்கீங்களா?"

ஒரு தடவை ஆடியிருக்கிறேன், தோற்றுவிட்டுக் கடலை வாங்கித் தின்றுகொண்டு வந்தோம் என்றேன்.

"அங்க லெஃப்ட்டுல என்னங்க இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். சுவர் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் லாரிகள் போகிற ஒரு ரோடு. அதைச் சொன்னேன்.

"வேற ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்ல கண்ணு. வெறும் ரோடுதான்."

அவள் தலையை ஜன்னலில் சாய்த்து நன்றாக யோசித்தாள்.

"அப்ப அடிச்சுக்கலாமுங்க" என்றாள்.